குழு வந்து போனது. அறிக்கை எங்கே போனது?

சட்டமன்றக் குழு மாவட்டத்துக்கு வருகிறது என்றால் இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும். ஆதிதிராவிடர் நல விடுதிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். எரியாமல் கிடந்த குழல்விளக்கு எரியும். அன்றைக்குச் சாம்பாரில் காய் தட்டுப்படும். வரிசையாகக் கார்கள் வந்து நிற்கும். உறுப்பினர்கள் மாணவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள், அதிகாரிகளிடம் நான்கு கேள்வி கேட்பார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். விடுதி மாணவருக்கும் அந்தக் குழுவுக்கும் இருந்த உறவு அத்துடன் முடிந்துவிடும்.

வருகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலர் உண்மையான அக்கறையோடுதான் வருகிறார்கள். நம் கேள்வி, அவர்கள் பார்த்ததும் கேட்டதும் எழுதியதும் பிறகு என்ன ஆகிறது என்பதுதான். விடுதி, சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம், வன்கொடுமை வழக்கு, துணைத்திட்ட நிதி என்று தலித் மக்களின் ஒவ்வொரு பிரச்சினைக்கும் இந்த மாநிலத்தில் ஆய்வு நடந்திருக்கிறது. அந்த ஆய்வுகளை எல்லாம் ஒரே இடத்தில் வைத்து, எது நிறைவேறியது, எது நிற்கிறது என்று கணக்குக் கேட்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது?

எத்தனை கண்கள்?

முதலில் எண்ணிப் பார்ப்போம். சட்டப்பேரவையில் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. சி.ஏ.ஜி. அறிக்கையை வைத்துக்கொண்டு, ஒதுக்கிய பணம் ஒழுங்காகச் செலவானதா என்று அது பார்க்கும். மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, அமைச்சர்கள் பேரவையில் "செய்கிறோம்" என்று சொன்னதைத் தொடர்ந்து கேட்கும் அரசு உறுதிமொழிக் குழு, பொதுமக்களின் மனுக்களைப் பார்க்கும் மனுக்கள் குழு ஆகியவையும் உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறையின் வேலை இவை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

பேரவைக்கு வெளியே இன்னும் பல இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல்வர் தலைமையில் மாநில உயர்நிலை விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கூட வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கோட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. 2021இல் இயற்றிய சட்டத்தின்படி மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இருக்கிறது. டெல்லியில் தேசிய ஆணையங்கள் இருக்கின்றன. இவை போதாதென்று, பெரிய கொடுமை நடக்கும்போதெல்லாம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு நபர் குழுவோ ஆணையமோ வரும்.

பேரவையின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் தனித்தொகுதிகள். இந்த 46 பேரும் வெவ்வேறு கட்சிகளில், வெவ்வேறு குழுக்களில் சிதறி இருக்கிறார்கள்.

இத்தனை கண்கள் இருந்தும் பார்வை ஒன்றாகவில்லை. ஒரு விடுதியின் கட்டடத்தைத் தணிக்கை பார்க்கிறது. அந்த விடுதிக்குப் போகும் வழியில் மாணவன் தாக்கப்பட்டால் அதை மாவட்டக் கண்காணிப்புக் குழு பார்க்க வேண்டும். அவன் படிக்கும் பள்ளியில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை ஒரு நீதிபதி குழு பார்க்கிறது. மூன்றும் ஒரே பையனின் வாழ்க்கை. ஆனால் மூன்று அறிக்கைகளும் மூன்று அலமாரிகளில் இருக்கின்றன.

பலன் தந்த ஆய்வுகள்

ஆய்வு என்றாலே வீண் வேலை என்று நினைக்க வேண்டாம். நம் வரலாற்றில் ஆய்வு வழியாக வந்த உரிமைகள் உண்டு.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்று அது காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் பேசுகிற சுமார் 12 லட்சம் ஏக்கர் அந்த வழியில் வந்ததுதான்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடங்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தடை கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் ஆனது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு விவசாயக் கூலி பற்றி ஆராய கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இலேயே கிழக்குத் தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அருந்ததியர் உள் ஒதுக்கீடும் அப்படித்தான். நீதிபதி ஜனார்த்தனம் குழு 2008இல் ஆராய்ந்தது. 2009இல் 3 விழுக்காடு தரும் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது அந்தச் சட்டமும் நிலைத்தது.

இந்த நான்கிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஆய்வு முடிந்த உடனே அதை அரசாணையாகவோ சட்டமாகவோ மாற்றும் ஒரு கை இருந்தது. கூடவே ஒரு பாடமும் இருக்கிறது. 1892இல் ஆணை வந்தாலும் நிலத்தைத் தொடர்ந்து காக்க யாரும் இல்லை. விற்கக்கூடாத நிலம் பிறர் கைக்குப் போனது. அதை மீட்கக் கேட்டுப் போராடியபோது, 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் போனது. நூறு ஆண்டுக்கு முந்தைய ஆணையை நிறைவேற்றச் சொல்லித்தான் அவர்கள் கேட்டார்கள்.

அலமாரியில் உறங்குபவை

1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தில் முக்கியமான பிரிவு ஒன்று இருக்கிறது. ஆணையம் அறிக்கை கொடுத்த ஆறு மாதத்துக்குள், அதன் மீது என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்பையும் சேர்த்து, அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். 3ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு அது. மாணவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கடமை அறிக்கையை வைப்பதோடு முடிந்துவிடுகிறது. வைத்த அறிக்கையைப் பேரவை விவாதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பதும் சட்டத்தில் தெளிவான நிலை. அரசாணை வழியாக அமைக்கும் சாதாரணக் குழுக்களுக்கு இந்த ஆறு மாதக் கெடுவும் இல்லை.

1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்தது. 2011இல் பரமக்குடி துப்பாக்கிச்சூட்டை நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. இரண்டு அறிக்கைகளும் வந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டிலும் நியாயம் கிடைத்ததாகத் தோன்றவில்லை. அறிக்கை சரியா தவறா என்று உரசிப் பார்க்கும் இடமாகச் சட்டமன்றம் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு நிலையான குழு அங்கே இல்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிகளில் சாதியைத் தடுக்க வழி சொல்லும்படி நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, சாதிக் கயிறு கூடாது, பல துறைகளின் கீழ் இருக்கும் பள்ளிகள் எல்லாம் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் வர வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு ஆசிரியரோ பெற்றோரோ தெரிந்துகொள்ள ஒரே இடம் உண்டா? துறை துறையாக அலைந்துதான் பார்க்க வேண்டும்.

ஆணவக் கொலைகளுக்குத் தனிச்சட்டம் கொண்டுவர நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று 2025 அக்டோபரில் பேரவையில் அறிவிப்பு வந்தது. அதற்கும் இதே கேள்விதான். அறிக்கை வந்த மறுநாள் அதை யார் கையில் எடுப்பார்கள்?

கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும்

"முதல்வரே தலைவராக உயர்நிலைக் குழு இருக்கிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் குழு பல ஆண்டுகள் கூடாமலே கிடந்து, 2021 ஆகஸ்டில்தான் மீண்டும் கூடியது. ஆண்டுக்கு இரண்டு முறை என்று விதி தெளிவாக இருந்தும் அப்படி ஆனது. கூடாததற்கு யாரும் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரணம் எளிது. வன்கொடுமை வழக்கைப் பதிவு செய்ய வேண்டியது காவல்துறை. நிவாரணம் தர வேண்டியது ஆட்சியர். நிதி தர வேண்டியது அரசு. இவர்கள் ஒழுங்காகச் செய்தார்களா என்று பார்க்கும் குழுவுக்கும் இவர்களேதான் தலைவர்கள். தன் பரீட்சைத்தாளைத் தானே திருத்துவது போன்றது இது. அரசைக் கேள்வி கேட்பது சட்டமன்றத்தின் வேலை. அந்த வேலை இந்த விஷயத்தில் பல குழுக்களுக்குள் சிதறிக் கிடக்கிறது.

நாடாளுமன்றத்தில் 1968 முதல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கான கூட்டுக்குழு இருக்கிறது. மக்களவையிலிருந்து 20 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். தேசிய ஆணையங்களின் அறிக்கைகளை எடுத்துப் பார்ப்பதும், அரசு என்ன செய்தது என்று திரும்பக் கேட்பதும் அதன் வேலை. தமிழ்நாட்டில் 1986இல் மேலவை ஒழிந்துவிட்டதால் இரு அவைக் கூட்டுக்குழு என்ற பேச்சு இல்லை. ஆனால் பேரவையின் பல குழுக்களும் பார்ப்பதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு நமக்கும் வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 338ஆவது பிரிவு இன்னொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. தேசிய ஆணையத்தின் அறிக்கையில் ஒரு மாநிலத்தைப் பற்றிய பகுதி இருந்தால், அது அந்த மாநிலச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். எடுத்த நடவடிக்கையையும், ஏற்காத பரிந்துரைக்கு ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். "ஏன் ஏற்கவில்லை" என்று எழுத்தில் சொல்ல வைப்பது பெரிய ஆயுதம். அதைப் படித்துக் கேள்வி கேட்க ஒரு குழு இருந்தால்தான் ஆயுதம் வெட்டும்.

ஒரே பூட்டு என்றால் ஒரே சாவி

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே குழுவிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? இங்கே நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் மெய்ன் என்ற மாநிலம் இருக்கிறது. நம் ஒரு மாவட்டத்தின் அளவுக்குத்தான் மக்கள்தொகை, சுமார் 14 லட்சம். அங்கே இரு அவைகளும் சேர்ந்து நடத்தும் ஆய்வுகளை 10 பேர் கொண்ட சட்டமன்ற மன்றம் மேற்பார்வை செய்கிறது. ஆளும் கட்சித் தலைவர்களும் எதிர்க்கட்சித் தலைவர்களும் அதில் இருக்கிறார்கள். எந்த ஆய்வு முதலில், அதற்கு எவ்வளவு பணம் என்று அந்த மன்றம் முடிவு செய்கிறது. ஒரே விஷயத்தை நான்கு குழு ஆராய்வது குறைகிறது. அறிக்கை எங்கே என்று தேடும் நிலை இல்லை.

அங்கேயும் ஆதிகுடிகள் உண்டு. 1980இல் அவர்களுடன் ஏற்பட்ட நில உடன்பாட்டுச் சட்டம் தங்கள் உரிமையைக் குறுக்குகிறது என்பது அவர்களின் நீண்டகாலக் குறை. 2019இல் இதை ஆராயச் சட்டமன்றம் ஒரு குழுவை அமைத்தது. 2020இல் 22 பரிந்துரைகளோடு அறிக்கையும் வந்தது. ஆனால் அதை ஒட்டிய பெரிய சட்டத்திருத்தம் 2022இல் நிறைவேறாமல் போனது. அங்கே ஆளுநர் என்பவர் நம் முதல்வரைப் போல மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித்தலைவர். அவர் அதை எதிர்த்தார். மேற்பார்வை ஒழுங்காக இருந்தால் அறிக்கை தொலையாது. ஆனால் அறிக்கை சட்டமாக வேண்டுமானால் அதற்கு மக்கள் பலம் வேண்டும். இரண்டும் வேறு வேறு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லா ஆய்வும் ஒரே மேஜை வழியாகப் போனால், அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் எதையும் தள்ளிப்போடலாம். பேரவைக் குழுக்களில் பெரும்பான்மை ஆளும் கட்சிக்குத்தான் இருக்கும். இன்றைய ஆளும் கட்சி எதுவானாலும் இது பொருந்தும். வேங்கைவயல் போன்ற ஒரு விஷயத்தை ஆராயலாமா வேண்டாமா என்று ஆளும் கட்சி உறுப்பினர்களே தீர்மானித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தலித் மக்கள் என்பதும் ஒரே குரல் இல்லை. அருந்ததியர், புதிரை வண்ணார், பழங்குடிகளில் இருளர், காட்டுநாயக்கர் போன்ற சிறிய சமூகங்களின் பிரச்சினை பெரிய குழுவின் பட்டியலில் கடைசிக்குப் போய்விடக்கூடும்.

எனவே ஆய்வு செய்யும் உரிமையை ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம். அது பல இடங்களில் இருக்கட்டும். கணக்குக் கேட்கும் பொறுப்பை மட்டும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும்.

அதற்கு நான்கு காரியங்கள் போதும். முதலாவது, தலித் மற்றும் பழங்குடி மக்கள் பற்றிய ஒவ்வொரு ஆய்வறிக்கைக்கும் பரிந்துரை வாரியாகத் தமிழில் ஒரு பொதுப் பதிவேடு. இரண்டாவது, எந்தக் குழு கொடுத்தாலும், ஆணையமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்பு. மூன்றாவது, அதைப் படித்துக் கேள்வி கேட்கும் பேரவைக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தலைவர், மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யும் உரிமை. நான்காவது, பேரவை கலைந்து புதிய பேரவை வந்தாலும் பதிவேடு கலையாமல் தொடர வேண்டும்.

இது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. கர்நாடகத்தைப் பாருங்கள். துணைத்திட்ட நிதிக்காக 2013இல் அங்கே சட்டம் வந்தது. ஆனால் பொதுவான கட்டுமான வேலைக்குச் செலவழித்த பணத்தையும் பட்டியல் சாதியினருக்குச் செய்த செலவாகக் கணக்குக் காட்ட 7டி என்ற பிரிவு இடம் கொடுத்தது. அமைப்புகள் பத்து ஆண்டு விடாமல் கேட்டன. 2023இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2024இல் துணைத்திட்ட நிதிக்கான சட்டம் வந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. அந்த விகிதத்தில் பணம் ஒதுக்கப்பட்டதா, உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று ஆண்டுதோறும் கேட்கப் பேரவையில் ஒரு கண் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

மேலே உள்ளவர்கள் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் கண்காணிப்புக் குழு கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தத் தேதியில் கூடியது, என்ன முடிவு எடுத்தது, உறுப்பினர்கள் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நம் தொகுதி எம்.எல்.ஏ.வும் அந்தக் குழுவில் இருக்கிறார். எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள் என்று அவரிடமே கேட்கலாம்.

சட்டமன்றக் குழு மாவட்டத்துக்கு வந்தால் வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள். கையில் மனு இருக்கட்டும். அதில் தேதியும் இடமும் தெளிவாக இருக்கட்டும், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், ஒரு ஆணைய அறிக்கையின் பரிந்துரைகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, நம் ஊரில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எதிரே குறிக்கலாம். அரசு வைக்காத பதிவேட்டை நாம் வைக்கத் தொடங்கினால், அரசு வைத்தே ஆக வேண்டிய நாள் வரும்.

அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று 2025இல் பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். அடுத்த முறை குழு வரும்போது அந்த விடுதி மாணவன் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஐயா, போன தடவை வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனது என்ன ஆயிற்று?" அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் அந்தக் கார்களில் ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.